செல்லக்கனி பேருக்கு வந்த மணியார்டர்

குறிஞ்சான்விளையில் செல்லக்கனியைப் பேசாமடந்தை என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சத்தம் போட்டுப் பேசி அண்டை வீட்டார்கூடக் கேட்டதில்லை. அடுப்படியில் பதநீர் காய்ச்சுவாள், ஓலைப்பெட்டி முடைவாள், கேட்டால் பதில் சொல்வாள். அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் ஒருநாள் தாலுகா ஆபீசில் தாசில்தாருக்கு எதிரே நின்று வாய் திறந்தாள். அந்தப் பேச்சு இரண்டு குடும்பங்களைக் கரையேற்றியது.

தேரி என்று சொல்லும் செம்மணல் மேடுகளுக்கு ஓரத்தில் இருக்கிற ஊர் அது. சுற்றிலும் பனை. மேட்டில் ஏறினால் கிழக்கே காயல்பட்டினமும் அதற்கப்பால் ஒரு கோடு போலக் கடலும் தெரியும். செல்லக்கனியின் புருஷன் வன்னியபெருமாளும் அவன் அண்ணன் இசக்கியப்பனும் வாரத்துக்குப் பனையேறிப் பிழைத்தவர்கள். மரம் வேறொருவருடையது, பாடு இவர்களுடையது, விளைச்சலில் பாதி மரக்காரருக்கு. ஒரு வைகாசியில் வன்னியபெருமாள் மரத்திலிருந்து சறுக்கி விழுந்தான். உயிர் தப்பியது. ஆனால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போயிற்று. பனையேற முடியாதவனுக்கு அந்த ஊரில் என்ன வேலை? காயல்பட்டினத்து முதலாளி ஒருவருக்குப் பினாங்கில் மளிகைக் கடை இருந்தது. 1938இல் வன்னியபெருமாள் அவரோடு கப்பலேறினான். அப்போது மூத்தவள் சந்தனமாரிக்கு ஐந்து வயது. செல்லக்கனியின் வயிற்றில் இன்னொரு பிள்ளை. அவன் போய் மூன்றாம் மாதம் முத்துமாலை பிறந்தான்.

பினாங்கிலிருந்து மாதாமாதம் மணியார்டர் வரும். அண்ணன் பேருக்குத்தான் அனுப்புவான். நாசரேத் பக்கத்திலிருந்து நடந்து வரும் தபால்காரர் ஜேசுபாதம், இசக்கியப்பனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுப்பார். இசக்கியப்பன் அதைத் தன் பெண்டாட்டி வடிவம்மாளிடம் கொடுப்பான். வடிவம்மாள் அரிசி வாங்குவாள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே உலை. செல்லக்கனி அந்தப் பணத்தைக் கையால் தொட்டதில்லை. அதைக் குறையாகவும் அவள் நினைத்ததில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

நாற்பத்தொன்று மார்கழியில் ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டான் என்று சேதி வந்தது. மணியார்டர் நின்றது. கடிதமும் நின்றது. ஜேசுபாதம் தெருமுனையில் வரும்போதே செல்லக்கனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அவர் தூரத்திலிருந்தே இல்லையென்று கையை ஆட்டுவார். சில மாதங்கள் போனபின், அந்தப் பார்வையைச் சகிக்க முடியாமல், வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினார்.

அந்த வருஷம் ரங்கூன் அரிசியும் வரவில்லை. கடையில் அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. இசக்கியப்பன் ஒருவன் மரமேறி எட்டு வயிறு நிரம்ப வேண்டும். அவனுக்கே மூன்று பிள்ளைகள். வடிவம்மாள் கெட்டவள் இல்லை. ஆனாலும் ஒருநாள் காலையில், முகத்தைப் பார்க்காமல், முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ஏளா செல்லக்கனி, இனிமே நீ தனியாப் பொங்கிக்கிடு.”

“சரிக்கா” என்றாள் செல்லக்கனி.

பொங்குவதற்குத்தான் ஒன்றுமில்லை. முருங்கைக்கீரை, அவித்த பனங்கிழங்கு, எப்போதாவது ஒருபிடி நொய். பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டுப் பானையைக் கழுவிய தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். சந்தனமாரிக்கு இருந்த ஒரே பாவாடை நைந்து கிழிந்தபோது அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். வெளியே வரவே கூச்சப்பட்டு வீட்டு மூலையில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தேடித்தான் ஜெயபாய் டீச்சர் ஒருநாள் மத்தியானம் வந்தார். பக்கத்து ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவர். குடிசைக்குள் குனிந்து பார்த்தார். மூலையில் இருந்த பெண்ணையும் கவிழ்த்து வைத்திருந்த பானையையும் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.

“இவ அப்பா பினாங்குலதான இருக்காரு?”

“ஆமா டீச்சர். இருக்காகளோ இல்லியோ, ஒண்ணும் தெரியல.”

“மலேயாவுல மாட்டிக்கிட்டவங்க குடும்பத்துக்கு சர்க்கார் மாசாமாசம் பணம் குடுக்குதாம். பேப்பர்ல போட்டிருந்துது. மனு எழுதிப் போடணும்.”

“சும்மாவா குடுப்பாக?” செல்லக்கனியால் நம்ப முடியவில்லை. “என்ன வேல செய்யணும் டீச்சர்?”

“வேலையெல்லாம் ஒண்ணும் செய்ய வேண்டாம். மனுவ நானே எழுதுதேன்.”

ஜெயபாய் எழுதினார். ரெவினியூ இன்ஸ்பெக்டர் ஊருக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். பிறகு ஸ்ரீவைகுண்டம் தாலுகா ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. விடியுமுன் கிளம்பினார்கள். முன்னால் இசக்கியப்பன், பின்னால் செல்லக்கனி, நடுவில் ஜேசுபாதம். பினாங்கிலிருந்து பணம் வந்துகொண்டிருந்ததற்கு அவர்தான் சாட்சி. தபாலாபீசில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. டீச்சர் சொன்னதைக் கேட்டு அவராகவே வந்தார்.

ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் நெற்பயிர் பச்சைப்பசேலென்று நின்றது. செம்மணலையே பார்த்துப் பழகிய செல்லக்கனிக்கு அதைப் பார்த்ததும் பசி வந்தது.

தாசில்தார் வயதானவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஜேசுபாதம் உடுப்போடு நின்று, “பினாங்கு மணியார்டரு மூணு வருசமா நான்தான் ஐயா கொண்டு குடுத்தேன்” என்றார். தாசில்தார் தலையாட்டினார். பக்கத்திலிருந்த குமாஸ்தா, “முன்னாடி பணம் அண்ணன் பேருக்குத்தானே வந்திருக்கு? அப்படியே இசக்கியப்பன் பேருக்கே போட்டுடலாங்களா?” என்று கேட்டார்.

“போட்டுருங்க சாமி. வீட்டுக்கு ஆம்பள நான்தான் இருக்கேன்” என்றான் இசக்கியப்பன்.

குமாஸ்தா பேனாவை மையில் தொட்டார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. நடுங்கிக்கொண்டு வந்தாலும் கேட்கும்படியாக வந்தது.

“எசமான், எம் பேருக்குப் போடுங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். இசக்கியப்பன் அவளை முறைத்தான். செல்லக்கனி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தான் நல்லவுகதான் எசமான். ஆனா அவுகளுக்கும் மூணு பிள்ளைய இருக்கு. பணம் அவுக கைக்கு வந்தா எம் பிள்ளைகளுக்கு நான் கேட்டு வாங்கணும். எனக்குக் கேக்கத் தெரியாது. கேக்கத் தெரியாமத்தான் இத்தன நாளும் பிள்ளைகளப் பட்டினி போட்டுட்டேன்.”

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குமாஸ்தாவிடம், “சம்சாரம் பேருக்கே எழுதும்” என்றார்.

திரும்பும்போது இசக்கியப்பன் விடுவிடென்று முன்னால் நடந்தான். ஜேசுபாதம் மட்டும் மழையைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து வடிவம்மாளிடம் இசக்கியப்பன் சொன்னது செல்லக்கனியின் காதிலும் விழுந்தது. “பத்துப் பேரு முன்னால என்னத் தலகுனிய வச்சிட்டா.”

ஆவணியில் ஒரு நாள், ஜேசுபாதம் பழையபடி அந்தத் தெரு வழியாகவே வந்தார். தெருமுனையிலேயே சத்தம் கொடுத்தார்.

“செல்லக்கனி அம்மா! மணியார்டரு!”

ஊரில் ஒரு பெண்ணை அப்படிப் பேர் சொல்லித் தபால்காரர் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. நாலைந்து வீட்டிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். செல்லக்கனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஜெயபாய் டீச்சர் சாட்சிக் கையெழுத்துப் போட, அவள் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தாள். ஜேசுபாதம் நோட்டுகளை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அப்படியே நின்றாள்.

“அண்ணாச்சி, இத எதுக்குச் செலவழிக்கணும்னு எதுவும் சொல்லியிருக்காகளா?”

“அப்படி ஒண்ணும் சொல்லலியே. உம் பணம்ளா. உனக்கு எது தேவையோ அத வாங்கிக்கோ.”

“யாரும் வந்து கேக்க மாட்டாகளா?”

“கேக்க மாட்டாக.”

ஊரில் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. சும்மா வரும் பணம் தங்காது என்றார்கள். இனி இவள் அடுப்பு மூட்டமாட்டாள், கால் நீட்டி உட்கார்ந்துவிடுவாள் என்றார்கள். ஒருத்தி வந்து கம்மல் செய்து போட்டுக்கொள்ளச் சொன்னாள். செல்லக்கனி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் அரிசியும் கருவாடும் சந்தனமாரிக்கு ஒரு சீட்டிப் பாவாடையும் வாங்கினாள். அன்று மத்தியானம் முத்துமாலை மூன்று தடவை சோறு கேட்டான். மூன்று தடவையும் போட்டாள். அவன் தின்றுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனான். அவனை எழுப்பாமல், பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு தட்டில் போட்டுச் சாப்பிட்டாள். முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். திங்கட்கிழமை சந்தனமாரி புதுப் பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போனாள்.

அதற்கடுத்த மாதமும் பணம் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. வருமா வராதா என்று பயப்படாமல் ஒரு மாதத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்து நினைக்க முடிவதே செல்லக்கனிக்குப் புதிதாக இருந்தது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. மழைக்காலத்தில் பதநீர் கிடையாது. பனையேறிகள் எல்லோரும் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஆறுமுகநயினாரிடம் போய் முன்பணம் வாங்குவார்கள். வாங்கினால் வரும் பருவத்தில் காய்ச்சும் கருப்பட்டி முழுவதையும் அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். இசக்கியப்பனும் வருஷாவருஷம் வாங்கியவன்தான். எத்தனை மரம் ஏறினாலும் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாததற்கு அதுதான் காரணம் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மழையிலும் பிள்ளைகளுக்குப் பசிக்குமே.

அவன் உடன்குடிக்குக் கிளம்பிய அன்று காலை, செல்லக்கனி வடிவம்மாளின் அடுப்படிக்குப் போனாள். உலை பிரிந்தபின் அவள் அங்கே போனதில்லை. முந்தானையில் முடிந்திருந்த நோட்டுகளை எடுத்து வடிவம்மாள் கையில் வைத்தாள்.

“அக்கா, இந்த வருசம் அத்தான முன்பணம் வாங்க வேண்டாம்னு சொல்லுங்க. பங்குனி வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் இதவச்சுப் பாத்துக்கிடுவோம். மாசாமாசம் வரும்லா.”

வடிவம்மாள் பணத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “நான் உன்னத் தனியாப் பொங்கச் சொன்னேனே ஏளா” என்றாள்.

“நீங்க என்ன செய்வீக? பானையில இல்லியே.”

வாசலில் நின்ற இசக்கியப்பன் எல்லாவற்றையும் கேட்டான். தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை. அதனால் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான்: “பொம்பள காசுல நான் கஞ்சி குடிக்கவா?”

“குடிச்சா என்னவாம்?” வடிவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “உங்க தம்பி அனுப்புன காசுல மூணு வருசம் நாம குடிக்கலியா? அது மட்டும் ஆம்பள காசோ?”

இசக்கியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். உடன்குடிப் பக்கம் திரும்பாமல் விறகு வெட்டப் போனான். அன்று மத்தியானம் உலை மறுபடி ஒன்றாயிற்று. அவன் கஞ்சியைக் குனிந்த தலை நிமிராமல் குடித்தான். ஆனால் குடித்தான்.

பங்குனியில் பாளை விட்டது. ஆவணி வரைக்கும் பெண்கள் இருவரும் பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சினார்கள். மரக்காரருக்குப் பாதி போனபின், விலை ஏறும்வரை பொறுக்கலாம் என்று செல்லக்கனி சொன்னதால், மீதியை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கினார்கள். ஆறுமுகநயினார் ஒருதரம் வண்டியில் வந்து பார்த்தார்.

“என்ன இசக்கியப்பா, இந்த வருசம் கடப் பக்கம் எட்டிப் பாக்கல?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கொஞ்சம் பொறுத்துப் போடலாம்னு இருக்கோம்.”

“பொறுக்க முடிஞ்சா பொறுக்க வேண்டியதுதான்” என்று சிரித்தார். அதில் கோபம் இல்லை. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

அந்த வருஷம் சீனி கிடைக்கவில்லை. ரேஷனில் கொடுத்தது காப்பிக்கும் போதவில்லை. ஊரெல்லாம் கருப்பட்டியைத் தேடியது. கார்த்திகையில் இசக்கியப்பன் வண்டி பிடித்துக் கருப்பட்டியைத் தூத்துக்குடிக்கே கொண்டுபோனான். “அவளயும் வரச்சொல்லு. அவ பொறுக்கச் சொன்னதுதான். விலைய அவளும் பாக்கட்டும்” என்று வடிவம்மாளிடம் சொன்னான். அது செல்லக்கனியின் காதில் விழும்படியாகத்தான் சொன்னான்.

விலை உடன்குடி விலையைப்போல் இரண்டு பங்குக்கு மேல் வந்தது. இசக்கியப்பன் பணத்தை வாங்கி மடியில் கட்டிவிட்டு, நம்ப முடியாமல் மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். வண்டி மாட்டுக்குத் தீனி போடும் நேரத்தில் செல்லக்கனி துறைமுகத்துப் பக்கம் நடந்தாள். தேரி மேட்டிலிருந்து கோடாகப் பார்த்த கடலை அவள் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். தோணிகளில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டையை இறக்கிவிட்டு வந்த ஒரு ஆளிடம் கேட்டாள்.

“அண்ணே, பினாங்கு எந்தப் பக்கம்?”

அவன் வியர்வையை வழித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். “கொழும்பு இந்தப் பக்கம். பினாங்கு அங்கன, கிழக்க, ரொம்பத் தூரத்துல. இப்போ கப்பல் கிடையாதும்மா. ஆரு இருக்கா?”

“எம் பிள்ளைகளுக்கு அப்பா.”

அவன் அடுத்த மூட்டைக்குப் போனான். செல்லக்கனி கிழக்கே பார்த்து, மனசுக்குள் புருஷனிடம் பேசினாள். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டார்கள், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றாள். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதையே இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

இசக்கியப்பன் அந்தப் பணத்தில் பனைகளை வருஷக் குத்தகைக்கு எடுத்தான். விளைச்சலில் பாதி கொடுப்பது அதோடு போயிற்று. அவன் பிள்ளைகளில் மூத்தவனும் சந்தனமாரியோடு பள்ளிக்கூடம் போனான்.

சண்டை முடிந்து நாற்பத்தாறு மாசியில் காயல்பட்டினத்து முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. வன்னியபெருமாள் உயிரோடு இருக்கிறான், கப்பலுக்குக் காத்திருக்கிறான் என்று சேதி. அவன் வந்து இறங்கியது ஆனியில். தெருவில் வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எலும்பும் தோலுமாக, முடி நரைத்து, கையில் ஒரு சாக்குப் பையோடு வந்தான். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த முத்துமாலை, “யாரு வேணும்?” என்று கேட்டான்.

வன்னியபெருமாள் பையனின் கைகால்களைப் பார்த்தான். உருண்டு திரண்ட கால்கள். உள்ளேயிருந்து பாவாடை தாவணியில் ஒரு பெண் புத்தகத்தோடு வந்து நின்றாள். அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். செல்லக்கனி ஓடிவந்தாள்.

“நான் உங்க யாரையும் பாப்பேன்னு நினைக்கல” என்றான். “அங்கன பட்டினி கிடந்து சாவுறதக் கண்ணால கண்டேன். ஒவ்வொரு மாசமும் பணம் அனுப்புற தேதி வரும்போது, இன்னைக்கு எம் பிள்ளைய என்ன தின்னும்னு நினைப்பேன். அதுக்குப் பெறவு எனக்குத் தூக்கமே வராது. எப்படிளா பொழைச்சீக?”

“சர்க்கார் பணம் வந்துச்சு. எம் பேருக்கே வந்துச்சு” என்றாள் செல்லக்கனி. “உள்ள வாங்க. மொதல்ல சாப்பிடுங்க.”

அண்ணன்தான் மீதியைச் சொன்னான். தாலுகா ஆபீசில் நடந்ததையும் மறைக்கவில்லை. “அன்னைக்கு இவ பேசலேன்னா, அந்தப் பணமும் கடனுக்கும் கஞ்சிக்கும்னு என் கையில கரைஞ்சிருக்கும்லே. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இப்போ நினைச்சா அவளக் கும்பிடத் தோணுது.” செல்லக்கனி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

புருஷன் வந்துவிட்டதை ஜெயபாய் டீச்சரே எழுதிப் போட்டார். ஆடியில் ஜேசுபாதம் கடைசி மணியார்டரோடு வந்தார்.

“இதோட சரி செல்லக்கனி. இனிமே வராது.”

“போதும் அண்ணாச்சி. இவுக வந்துட்டாகளே. கருப்பட்டிய எடுத்துட்டுத் தூத்துக்குடியில ஒரு கட போடணும்னு அண்ணனும் தம்பியும் பேசிக்கிட்டு இருக்காக. இவுகளுக்குக் கட வேல தெரியும்லா.” பெருவிரலை வைத்துவிட்டு நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ஒண்ணு கேக்கணும். இத்தன வருசமா இந்தப் பணத்தக் குடுத்தது யாரு அண்ணாச்சி? அந்தத் தாசில்தார் ஐயாவா? அவுகளப் போய்க் கும்பிட்டுட்டு வரணும்.”

“அவரு மாறிப்போயி ரெண்டு வருசம் ஆச்சு. அவரும் தன் பணத்தக் குடுக்கல. சர்க்கார் பணம். அது தீப்பெட்டி வாங்குறவன், உப்பு வாங்குறவன், ஊருல உள்ள எல்லாரும் கட்டுன வரி.”

செல்லக்கனி யோசித்தாள். அத்தனை பேரை எங்கே போய்த் தேடுவது?

“அப்போ நீங்களாவது உக்காருங்க” என்றாள். “பொழுதுக்கும் நடந்து நடந்து கொண்டாந்து குடுத்தீக. ஒருநாளும் எங்க வீட்டுல கை நனைச்சதில்ல. இன்னைக்கு நெத்திலி மீன் குழம்பு வச்சிருக்கேன்.”

ஜேசுபாதம் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேலை நேரத்தில் எங்கேயும் சாப்பிடுகிறவர் இல்லை அவர். அன்று கைகழுவிவிட்டு, வன்னியபெருமாளுக்கும் முத்துமாலைக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வடிவம்மாள் சோறு போட்டாள். செல்லக்கனி குழம்பை ஊற்றினாள். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, உறைப்பு ஏறி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார்.